மாவுக் கை

அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு பிள்ள. உன் போன்லதான். மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு கண்ண மூடி நிக்கான்லா, அவன்தான். அது என் தம்பி.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்லுதேன். கூடப்பிறந்த தம்பி. நீங்க எல்லாரும் ரெஜி ரெஜிங்கிய, அவனுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு ரெஜினால்ட் தேவசகாயம். என் பேரு ஹெப்சிபா. பாளையங்கோட்டை. அவன் மூக்கப் பாரு, என் மூக்கப் பாரு. இப்ப நம்புதியா?

நீயும் மதுரைக்கு அவன் கச்சேரிக்குத்தான் போறியோ? டிக்கெட் கெடச்சிட்டா? பாத்தியா, எங்கெங்கருந்தோ பஸ் ஏறி வாரிய. நல்லது. நானும் அங்கதான் போறேன். கேக்க இல்ல. மேடையில கூட நின்னு ஒரு பாட்டு பாடுன்னு கூப்பிட்டிருக்கான். பாடுதேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. மதுரை வந்து சேருததுக்குள்ள சொல்லுதேன்னுட்டு வண்டி ஏறிட்டேன்.

எந்தப் பாட்டா? இப்ப உன் காதுல ஓடுச்சே, கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டியே, அதான். மாவுக் கை. அந்தக் கை இந்தக் கைதான் பிள்ள. தொட்டுப் பாரு.

ஒண்ண மட்டும் சொல்லிடுதேன். எனக்கு அவன் மேல பொறாம கிறாம ஒண்ணும் கிடையாது. ஊர்ல அப்படித்தான் பேசுதாவ. நான் தூக்கி வளத்த பிள்ள மேல எனக்கென்ன பொறாம? அம்மா தவறும்போது அவன் ஆறாங்கிளாஸ். சோறு பொங்கி, சட்ட துவச்சு, தலைக்கு எண்ண வச்சு அனுப்புனது நானு. நடந்தத நடந்த மாதிரி சொல்லுதேன். நீயே கேட்டுட்டுச் சொல்லு.

எங்க வீட்டுல பாடுதவ நானு. அத மொதல்ல தெரிஞ்சுக்கோ. அப்பா ஸ்கூல்ல தமிழ் வாத்தியார், சர்ச்சுல பாடகர் குழுவுக்கு மாஸ்டர். கிறிஸ்மஸ் ஆராதனைன்னா தனிப்பாட்டு நான்தான். நான் எழுந்து நின்னா விசிறிச் சத்தம் கூட நின்னுரும். இவனுக்குச் சுருதி நிக்காது. அப்பா ஆர்மோனியத்துக்கு முன்னால உக்காத்தி வச்சு, "ஏல, பாட்டு ரோட்டுல போகுது, நீ ஏம்ல வயல்ல எறங்குத?"ன்னு ஏசுவாவ. முழிப்பான். இப்பவும் அப்படித்தான். நல்லாக் காதக் குடுத்துக் கேளு, மேல போகும்போது லேசா வழுக்கும். நீங்க அதத்தான் உருக்கம்ங்கிய.

எனக்குக் காலேஜ் கடைசி வருசம் மெட்ராஸ்ல ஒரு பாட்டுப் போட்டி. மொதப் பரிசு எனக்குத்தான். நடுவரா வந்தவரு சினிமாவுக்கு இசையமைக்கிற ஒருத்தர்கிட்ட உதவியா இருந்தவரு. வீட்டு நம்பரக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. சும்மா வாங்குதாருன்னு நினைச்சேன். டிசம்பர்ல போன் வந்துட்டு.

கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து சுட்டுக்கிட்டு இருக்கேன். பாசிப்பயறு உருண்டைய மாவுல முக்கி முக்கி எண்ணையில போடணும். ரெண்டு கையும் மாவு. போன எடுத்தது ரெஜி. "அக்கா, மெட்ராஸ்லருந்து! உனக்குத்தான்! பாட வரச் சொல்லுதாவ!"ன்னு கத்துதான். நான் கையக் காட்டி, இருல, கழுவிட்டு வாரேன்னேன். அவன் அந்த ரிசீவர என் காதுல வச்சிருக்கலாம். அடுப்படிக்கும் போனுக்கும் நடுவுல ஒரு கதவுதான். வைக்கல. ஓடிப்போயி மாடியில இருந்த அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டான்.

அப்பா வாங்கி, "எம் பொண்ணு கர்த்தருக்கு மட்டுந்தான் பாடுவா. இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லி வச்சிட்டாவ. நான் குழாயடியில நிக்கேன். அரிசி மாவு லேசுல போகாது பிள்ள, நகக்கண்ணுக்குள்ளல்லாம் ஏறிரும். திரும்பி வந்தா போன் அதுபாட்டுக்கு இருக்கு. அப்பா, "எண்ண புகையுது பாரு"ன்னாவ. நான் போயி மிச்ச உருண்டையப் போட்டேன்.

அப்பா நல்லதுக்குத்தான் செஞ்சாவ. மெட்ராஸ்ல ஒரு பொம்பளப் பிள்ள தனியா என்ன செய்ய முடியும்? நான் யாரையும் குத்தம் சொல்லல.

அப்புறம் எனக்குக் கல்யாணம். எங்க அவியளுக்குக் கூட்டுறவு பாங்க்ல வேல. நல்ல மனுசன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணமான மொத கிறிஸ்மஸுக்கு அவிய சர்ச்சுல என்னத் தனிப்பாட்டு பாடச் சொன்னாவ. பாடினேன். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கையப் பிடிச்சுக்கிட்டு விடல. அவிய போயி வண்டிய எடுத்துட்டாவ. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "எல்லாவனும் உன்னையேல்லா பாத்தானுவ"ன்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ. பாடாதன்னு சொன்னாவளா? சொல்லல. நானா நிறுத்திக்கிட்டேன். இப்பவும் அடுப்படியில பாடுவேன், மிக்ஸி ஓடும்போது. மிக்ஸி நல்ல சுருதி, தெரியுமா? ஆர்மோனியம் மாதிரி அலையாது.

இவன் என்ன செஞ்சான்? மெட்ராஸுக்குப் படிக்கப் போனான். வேல கிடைச்சது. வேலைய விட்டான். ஒரு கிட்டார வச்சுக்கிட்டு ரூம்ல உக்காந்து, அவனா எழுதி, அவனா பாடி, அவனா யூடியூப்ல போட்டான். சினிமாவும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. யாரையும் கேக்கல பாரு, அதத்தான் சொல்லுதேன். யார்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல.

ஆரம்பத்துல எல்லாப் பாட்டும் நீ, நீன்னுதான் இருக்கும். நீ வந்த, நீ போன, நீ சிரிச்ச. ஆணா பொண்ணான்னு கேக்கிறவனுக்குத் தெரியாது. அப்பா கூட ஒரு நாள், "எந்தப் பிள்ளையையோ மனசுல வச்சுக்கிட்டுப் பாடுதான், விசாரிச்சுக் கட்டி வச்சிருவோம்"ன்னாவ. அதுக்கப்புறம்தான் அந்தச் சட்டைப் பாட்டு வந்தது. உனக்குத் தெரிஞ்சிருக்குமே.

அவன் சட்டைய நான் மாட்டிக்கிட்டேன்
அளவு பெருசு, மடிச்சுவிட்டுக்கிட்டேன்

அவன்னு பாடிட்டான். நீங்கிறத எடுத்துட்டு அவன்னு பாடிட்டான். ஒரு வார்த்ததான். ஒரு பேட்டியில கேட்டிருக்காவ, இது ஒரு பொண்ணு பாடுத மாதிரி எழுதுனதான்னு. "இல்லைங்க, நான் பாடுத மாதிரி நான் எழுதுனது. எனக்கு ஆம்பளைகளத்தான் பிடிக்கும். அவன் பேரு பரிதி. அந்தா, கேமராவுக்குப் பின்னால நிக்கான்"னுட்டான். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான் பிள்ள. காப்பிக்குச் சீனி கேக்க மாதிரி.

சர்ச் வாட்ஸப்புல அது வந்துட்டு. அப்பா பாடகர் குழுவுக்குப் போறத நிறுத்துனாவ. அவன் பேச்சு வந்தா எழுந்து போயிருவாவ. எங்க அவிய, "உன் தம்பி நம்பர போன்லருந்து எடுத்துரு"ன்னாவ. எடுத்தேன். எனக்கு மனப்பாடமாத் தெரியும், எடுத்தா என்ன?

கடைசியில அப்பாவும் அவியளும் சேந்துதான் என்ன மெட்ராஸுக்கு அனுப்புனாவ, புத்தி சொல்லிக் கூட்டிட்டு வான்னு. நான் சொன்னாக் கேப்பான்லா. போனேன். கதவத் தொறந்தது அந்தப் பரிதி. ஒல்லியா, கண்ணாடி போட்டு, இடுப்புல ஒரு துண்டக் கட்டிக்கிட்டு நிக்கான். "வாங்கக்கா, மீன் வெந்துக்கிட்டு இருக்கு, கவனிக்காம விட்டா ஒடஞ்சிரும்"ன்னுட்டு அடுப்படிக்கு ஓடிட்டான். சண்ட போடத்தான் வந்திருக்கேன், மீன் வேகுதுன்னு சொன்னா என்ன செய்ய?

சாப்பிட்டு முடிச்சதும் ரெஜிய உக்காத்தி வச்சுச் சொன்னேன். "ஏல, உன்ன நான் மாறச் சொல்லல. ஊருக்கு வா. ஒரு பிள்ளையக் கெட்டிக்கோ. உள்ளுக்குள்ள என்ன வேணும்னாலும் வச்சுக்கோ, யாரு கேக்கப் போறா? நான் இருக்கலையா? எனக்கு மட்டும் எல்லாம் பிடிச்சா நடந்தது?"

அவன் என்னயே பாத்தான். "வீட்டுக்கு ஒருத்தர் வாய மூடுனது போதாதாக்கா?"ன்னான்.

எனக்கு அது இன்னும் புரியல. நான் எங்க வாய மூடினேன்? நீயே பாரு, ஏறுனதுலருந்து பேசிக்கிட்டுத்தான வாரேன்.

அப்புறம் இன்னொண்ணு நடந்தது. பரிதிதான் அவன் பாட்ட எல்லாம் பதிவு பண்ணிச் சரிபாக்கிறது. கம்ப்யூட்டர்ல ஒரு பாட்டப் போட்டுட்டு, "அக்கா, இந்த எடத்துல இவன் சுருதி விலகுதான்னு நான் சொல்லுறேன், இல்லைங்கிறான். நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டான். நான் கேட்டுட்டு, "விலகுது. கொஞ்சம் கீழ எறங்கிருது. மூச்ச முன்னாலயே எடுத்துருக்கணும்"னேன். "பாத்தியாடா!"ன்னு அவன் குதிக்கான். ரெஜி மூஞ்சி சுருங்கிட்டு. அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஒவ்வொரு பாட்டாப் போட்டுப் போட்டு, நீங்க என்ன நினைக்கிறீங்க, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எங்க அவியளுக்குச் சக்கர, உப்பு, எல்லாம் நான்தான் பாத்துப் பாத்துச் செய்யுதேன். ஒரு நாளு கூட... சரி அது கெடக்கட்டும். எந்த ஊரு இது, சாத்தூரா? வெள்ளரிக்கா விப்பானே. வேணுமா உனக்கு?

ஊருக்கு வந்து, அவன் கேக்க மாட்டேங்கான்னு சொல்லிட்டேன். பரிதியப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரெஜியோட எல்லாக் கச்சேரிக்கும் அந்தப் பையன் வந்து கடைசி வரிசையில நிப்பானாம். ஒரே பாட்ட நூறு தடவ கேட்டாலும் நிப்பானாம். அதெல்லாம் எதுக்கு வீட்டுல போயிச் சொல்லணும்?

ரெஜி பாடு பட்டான், இல்லைங்கல. ஒரு காலேஜ்ல பாடும்போது கீழருந்து பாட்டில் எறிஞ்சானுவ, புருவத்துல தையல். ஒரு ஊர்ல மண்டபத்துக்காரன் மிரட்டலுக்குப் பயந்து வாசலப் பூட்டிட்டான். வந்த சனங்கள ரோட்டோரம் உக்காத்தி வச்சு மைக்கில்லாமப் பாடிட்டு வந்தான். சினிமாவுலருந்து ஆள் வந்துருக்கு. எல்லாம் சரி தம்பி, அந்த விசயத்த மட்டும் பேசாம இரு, படம் வார வரைக்கும் பேசாம இருன்னுருக்காவ. முடியாதுன்னுட்டானாம். முடியாதுன்னு! எனக்கு மூணு நாளு தூக்கமில்ல. வாசக்கதவத் தொறந்து வச்சு வா வான்னு கூப்பிடுதான், இவன் வெளிய நின்னுக்கிட்டு உன் நெலவாசல் சரியில்லங்கான். அந்தக் கொழுப்பு எங்கருந்து வருது? எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரே வீட்டுச் சோறுதான தின்னோம்.

ஆனா நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்ல. அப்பாவப் பத்தித்தான்.

போன வருசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. நான் காலையில சமைச்சுக் குடுத்துட்டு, எங்க அவியள அனுப்பிட்டு, மத்தியானம் போறதுக்குள்ள அங்க ரெஜியும் பரிதியும் வந்து நிக்காவ. அப்பா மூஞ்சத் திருப்பிக்கிட்டாவ. ரெஜி அழுதுக்கிட்டு வராந்தாவுக்குப் போயிட்டான். பரிதி போகல. ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டான். திட்டு வாங்கிக்கிட்டே முதுகத் தொடச்சுவிட்டான், சவரம் பண்ணிவிட்டான். நாலாம் நாளு நான் போகும்போது அப்பா அவனுக்கு வெண்பா சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காவ. எனக்கு ஒரு நாளும் வெண்பா சொல்லித் தந்ததில்ல.

வீட்டுக்கு வந்து ஒடம்பு தேறுனதும், "மெட்ராஸுக்கு ஒரு நட போயிட்டு வாரேன்"னாவ. போனாவ. அவன் கச்சேரிக்கே போனாவ பிள்ள! மொத வரிசையில வேட்டி சட்டையோட உக்காந்து கேட்டிருக்காவ. அந்தச் சட்டைப் பாட்டையும் கேட்டிருக்காவ. திரும்பி வந்து எங்க வீட்டுல இட்லி தின்னுக்கிட்டே சொல்லுதாவ: "அவனுக்குச் சுருதி இன்னும் தேறல. ஆனா பாட்டுல பொய் இல்ல."

நான் சட்னி ஊத்திக்கிட்டு இருக்கேன். கேட்டுட்டேன். என்னைக்கும் கேட்டதில்ல, அன்னைக்குக் கேட்டுட்டேன். "அப்ப எனக்கு வந்த போன ஏம்ப்பா வச்சிய?"

அப்பா நிமிந்து பாத்தாவ. "எந்த போனு?"

நடிக்கல பிள்ள. அவியளுக்கு நடிக்கத் தெரியாது. நெசமாவே ஞாபகம் இல்ல. மெட்ராஸ், போட்டி, டிசம்பர், முந்திரிக்கொத்து எல்லாம் சொல்லுதேன். "அப்படியாம்மா? இருக்கும், இருக்கும். இன்னும் ரெண்டு இட்லி வை"ன்னாவ. அவன் அவ்வளவு பெரிய காரியத்தச் செஞ்சிட்டு வந்து நின்னான், அவனுக்கு மொத வரிசை. நான் ஒண்ணுமே செய்யல, சொன்னதத்தான் கேட்டேன், எனக்கு எந்த போனு. வச்சேன். ரெண்டு இட்லி வச்சேன். வேற என்ன செய்ய?

அன்னைக்கு மனசு ஆறாம ரெஜிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தான். வைக்கும்போது, "எனக்கு ஞாபகம் இருக்குக்கா"ன்னான். அவ்வளவுதான்.

அடுத்த மாசம் இந்தப் பாட்டு வந்துட்டு.

மாவுக் கையோட நீ நின்ன
மணி அடிச்சது உன் பேருக்கு
ஒங் காதுல வைக்கத் தோணாம
ஓடிப் போனேன் அப்பாட்ட

எனக்குன்னு இந்த உலகத்துல இருந்தது அது ஒண்ணுதான். அந்த ஒரு போன். அதையும் எடுத்துப் பாட்டாக்கிட்டான். லட்சக்கணக்குல சனங்க கேக்காவளாம், அழுதாவளாம். அழ வேண்டியது யாரு? நீ ஏன் அழுத, உனக்கா போன் வந்தது? கோவிக்காத, சும்மா கேக்கேன். பாட்டுல இன்னொரு எடத்துல கோதும மாவுன்னு வேற வருது. முந்திரிக்கொத்த யாராவது கோதும மாவுல முக்குவாவளா? பச்சரிசி மாவு. கூட நின்ன பயலுக்கு அது கூடத் தெரியல.

என்ன சொல்லுத? மன்னிப்புக் கேக்க மாதிரி இருக்கா? எந்த எடத்துல? "ஓடிப் போனேன் அப்பாட்ட"... அவன்தான ஓடினான், அதத்தான் பாடுதான், அதுல என்ன மன்னிப்பு? பரிதியும் இதத்தான் சொன்னான். அந்த வரி வரும்போதெல்லாம் ரெஜி அழுதுருதானாம், பாதிக் கச்சேரியில அந்த எடத்தச் சனங்கதான் பாடி முடிக்காவளாம். அழுதுக்கிட்டே பாடுனா சுருதி எப்படி நிக்கும்? அப்பா அன்னைக்கே சொன்னாவ.

மதுரையில அந்தப் பாட்ட நீயும் கூட நின்னு பாடணும்கான். எங்க அவியகிட்டச் சொன்னேன். "போறதுன்னாப் போயிக் கேட்டுட்டு வா. மேடையில ஏறி நிக்காத"ன்னாவ. சரின்னேன். சேலைய மட்டும் நல்லதா எடுத்து வச்சுக்கிட்டேன். கேக்கப் போறவ நல்ல சேல கட்டக் கூடாதா?

இரு, போன் அடிக்கி. அவியதான். "ம்... சொல்லுங்க. விருதுநகர் தாண்டிட்டு... தோச மாவு ஃப்ரிட்ஜுல ரெண்டாந்தட்டுல... நீல டப்பா... இல்ல, அது இஞ்சி. நீல டப்பா... சரி... ஞாபகம் இருக்கு. சரி." வச்சிட்டாவ.

நீ என்ன நினைக்க? பாடலாங்கியா? உனக்கென்ன, சொல்லிருவ. இத்தன வருசம் கழிச்சு, மிக்ஸிக்கு முன்னால பாடுனவ, ஆயிரம் பேருக்கு முன்னால போயி நின்னு வாயத் தொறந்து, ஒண்ணும் வரலன்னா? அவன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டுக் கையப் பிடிச்சுக்கிடுவான். சனங்க அதுக்கும் கைதட்டுவாவ. பாவம் அவனோட அக்கான்னு. அதத்தான் என்னால தாங்க முடியாது. திருமங்கலம் வந்துட்டு பாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான். பேசாம அடுத்த வண்டியில திரும்பிருவமான்னு இருக்கு.

மறுபடியும் அடிக்கி. ரெஜி. பேசட்டுமா?

"சொல்லுல... ஆங், வந்துக்கிட்டே இருக்கேன்... பரிதி பஸ் ஸ்டாண்டுக்கு வாரானா? சரி... இல்ல, இன்னும் முடிவு பண்ணல... என்னது?... கடைசிச் சரணமா? அது மேல போகுது, தெரியும். அதுக்கென்ன?... என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு. சுருதிய எறக்கவா? யாருக்கு எறக்க? எனக்கா?... ஏல, ரெஜி. நீ மூணாப்புப் படிக்கும்போது நான் அதுக்கு மேல நின்னு பாடுனவ. ஒண்ணையும் எறக்காத. உனக்கு எட்டலன்னா நீ கீழ நின்னுக்கோ, மேல உள்ளத நான் பாத்துக்கிடுதேன்... ஆமா, பாடுதேன்னுதான் சொல்லுதேன். அழாதல. அழுதா சுருதி போயிரும். வை போன."

கேட்டியா பிள்ள? சுருதிய எறக்கவான்னு கேக்கான். என்கிட்ட.

நீ எந்த வரிசையில இருப்ப? எங்கன இருந்தாலும் நல்லாக் கேளு. முடிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லணும், யாரு நல்லாப் பாடுனான்னு. அவன் ரசிகைங்கதுக்காகப் பொய் சொல்லக் கூடாது.

உன்கிட்டத் தண்ணி இருக்கா? ஒரு வாய் குடு.